பூட்டிய அலமாரியில் கிடந்த எச்சரிக்கை

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம். மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் எபோலா நோய் நுழைந்திருப்பது உறுதியானது. அந்த நாட்டு மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் அது பேரதிர்ச்சி. எபோலா என்றால் காங்கோ, சூடான் பக்கத்து நோய் என்றுதான் அவர்கள் அறிந்திருந்தார்கள். காய்ச்சலோடு வந்தவர்களுக்கு மலேரியாவாக இருக்கலாம் என்று எண்ணி, கையுறைகூட இல்லாமல் சிகிச்சை அளித்தவர்கள் உண்டு. அப்படித் தொட்டுப் பார்த்தவர்களில் பலர் தாங்களே நோயாளிகளாகிப் படுத்தார்கள். நோய் அடங்கியபோது லைபீரியாவில் மட்டும் 4,800க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அண்டை நாடுகளான கினியையும் சியாரா லியோனையும் சேர்த்தால் மாண்டோர் தொகை 11,300ஐத் தாண்டியது.

இந்த நோய் அந்த மண்ணுக்குப் புதிதுதானா? 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதிய மூவரில் ஒருவர் லைபீரிய சுகாதார அமைச்சின் தலைமை மருத்துவ அதிகாரியான பெர்னிஸ் டான். எபோலா பற்றிய பழைய ஆய்வுகளைத் தேடியபோது அவர்கள் கண்ணில் பட்ட செய்தி நெஞ்சைக் குலுக்கக்கூடியது. 1982ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் லைபீரிய மக்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்து, சிலருடைய இரத்தத்தில் எபோலா கிருமிக்கு எதிரான அணுக்கூறுகளைக் கண்டிருந்தார்கள். எபோலா நிலவும் நாடுகளின் பட்டியலில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்றும் அப்போதே எழுதியிருந்தார்கள்.

எச்சரிக்கை அச்சேறி 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் யாரைக் காக்க வேண்டுமோ அவர்கள் கையில் அது கிடைக்கவே இல்லை. அந்தக் கட்டுரைகளில் ஒன்றை 2015இல் இணையத்திலிருந்து எடுத்துப் படிக்க 45 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். லைபீரிய மருத்துவர் ஒருவருக்கு அது ஏறக்குறைய அரை வாரச் சம்பளம் என்று அந்த மூவரும் எழுதினார்கள்.

பணம் மட்டுமே தடையாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வுகளில் லைபீரிய அறிவியலாளர் ஒருவர்கூடப் பங்கு பெறவில்லை. வந்தவர்கள் இரத்தத்தை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, ஐரோப்பிய ஆய்விதழ்களில் முடிவை வெளியிட்டார்கள். இந்தக் குறையையும் அம்மூவர் மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஓர் ஆராய்ச்சி 'வெளியிடப்பட்டது' என்றால் என்ன பொருள்? அச்சடித்தால் போதுமா, தேவைப்பட்டவர் கைக்குப் போய்ச் சேர வேண்டாமா?

ஒரே பொருளுக்குப் பல முறை விலை

மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பணம் கொடுப்பது அரசாங்கம். அதாவது வரி கட்டும் மக்கள். சோதனைக்கு உடலைத் தருவோர் நோயாளிகள். ஆராய்ச்சியாளர் கட்டுரையை எழுதுகிறார். அதற்கு ஆய்விதழ் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. கட்டுரை சரியா தவறா என்று சோதித்துச் சொல்லும் சக அறிஞர்களும் பொதுவாகக் கூலி வாங்குவதில்லை. பிறகு பதிப்புரிமை பதிப்பகத்துக்கு எழுதித் தரப்படுகிறது. கடைசியில் அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் சந்தா கட்டி அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்குகிறது.

அச்சுக்கூடமும் தபாலும் இருந்த காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. காகிதத்துக்கும் மைக்கும் அஞ்சல் தலைக்கும் யாராவது பணம் கட்டத்தானே வேண்டும்? ஆனால் 1980களிலும் 1990களிலும் சந்தா விலை மற்ற விலைவாசியை விட வேகமாக ஏறியது. நூலகங்கள் இதழ்களை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கின. உலகின் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஹார்வர்டுகூட 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் கையை விரித்தது. சில பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் செலவாகிறது, இது தாங்காது என்று அதன் ஆலோசனைக் குழு பேராசிரியர்களுக்கு எழுதியது. ஹார்வர்டுக்கே இந்த நிலை என்றால், ஒரு மாவட்ட மருத்துவமனையின் கதி என்ன?

பட்டியல் திறந்தது, கதவு திறக்கவில்லை

மருத்துவக் கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு காலத்தில் பெரும்பாடு. அமெரிக்க இராணுவ மருத்துவ நூலகத்தைக் கவனித்துவந்த ஜான் ஷா பில்லிங்ஸ் 1879ஆம் ஆண்டு 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அட்டவணையைத் தொடங்கினார். எந்த நோயைப் பற்றி எந்த இதழில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். அந்த அட்டவணை பிற்காலத்தில் கணினிக்கு மாறியது. 1997ஆம் ஆண்டு ஜூன் மாதம், 'பப்மெட்' என்ற பெயரில் அதை உலகில் யாரும் இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. அப்போதைய துணை அதிபர் அல் கோர் முதல் தேடலைச் செய்து காட்டினார்.

அது பெரிய வரவுதான். ஆனால் தேடுபவருக்குக் கிடைத்தது கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் மட்டுமே. முழுக் கட்டுரை வேண்டுமென்றால் பணம். கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பலகாரத்தைப் பார்ப்பது போன்ற நிலை.

இதை மாற்ற முனைந்தவர்களில் முக்கியமானவர் ஹெரால்டு வார்மஸ். புற்றுநோய் மரபணு பற்றிய கண்டுபிடிப்புக்காக 1989இல் நோபெல் பரிசு பெற்றவர். 1990களில் அமெரிக்கத் தேசியச் சுகாதார ஆய்வுக் கழகத்தின் தலைவராக இருந்தவர். 1998ஆம் ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காப்பிக் கடையில் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் பிரவுனைச் சந்தித்தார். இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை இணையத்தில் போட்டு இலவசமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள், மருத்துவத்தில் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று பிரவுன் கேட்டார். அந்தக் கேள்வி வார்மஸின் மனத்தில் தைத்துவிட்டது.

1999ஆம் ஆண்டு மே மாதம் அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். உயிரியல், மருத்துவக் கட்டுரைகள் அனைத்தும் ஒரே இணையக் களஞ்சியத்தில் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே அது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. பதிப்பகங்கள் வருமானம் போய்விடும் என்றன. சந்தாப் பணத்தில் பணிகளை நடத்திவந்த அறிவியல் சங்கங்களும் அஞ்சின. தரம் குறையும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். திட்டம் சுருங்கி, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'பப்மெட் சென்ட்ரல்' என்ற களஞ்சியமாகப் பிறந்தது. விரும்பிய இதழ்கள் மட்டும் கட்டுரைகளைத் தந்தால் போதும் என்ற நிலை. ஆரம்பத்தில் தந்தவை மிகச் சில.

அடுத்து ஒரு கடிதம் உலகைச் சுற்றியது. வெளியான ஆறு மாதத்துக்குள் கட்டுரைகளை இலவசமாகத் திறக்காத இதழ்களுக்கு, 2001ஆம் ஆண்டு செப்டம்பருக்குப் பிறகு எழுதவோ ஒத்துழைக்கவோ மாட்டோம் என்ற உறுதிமொழி அது. ஏறத்தாழ 34,000 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டார்கள். ஆனால் தேதி வந்தபோது பெரும்பாலோர் பழைய இதழ்களுக்கே திரும்பினார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பதவி உயர்வும் ஆராய்ச்சி மானியமும் பெயர் பெற்ற இதழில் கட்டுரை வருவதைப் பொறுத்தே இருந்தன.

சொல்லிக் கேட்காவிட்டால் செய்து காட்டுவோம் என்று வார்மஸ், பிரவுன், மைக்கல் ஐசன் ஆகிய மூவரும் சொந்தமாக இதழ் தொடங்கினார்கள். உயிரியலுக்கான முதல் இதழ் 2003ஆம் ஆண்டு அக்டோபரிலும், மருத்துவத்துக்கான இதழ் அடுத்த ஆண்டு அக்டோபரிலும் வெளிவந்தன. இதற்கிடையே 2002ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி வெளியான புடாபெஸ்ட் அறிக்கை இந்த முயற்சிக்குத் 'திறந்த அணுகல்' என்ற பெயரையும் இலக்கணத்தையும் தந்தது. படிக்க மட்டுமல்ல; பதிவிறக்க, படியெடுக்க, மற்றவருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. எழுதியவர் பெயரை மறைக்கக்கூடாது என்பதே முக்கிய நிபந்தனை.

தானமா, உரிமையா?

ஏழை நாடுகளுக்கு மட்டும் இலவசமாகக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அப்படியும் ஒரு ஏற்பாடு நடந்தது. 2002ஆம் ஆண்டு ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் பெரிய பதிப்பகங்களோடு சேர்ந்து 'ஹினாரி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மிக ஏழ்மையான நாடுகளின் மருத்துவ நிலையங்களுக்கு ஆய்விதழ்கள் இலவசமாகவும், அடுத்த நிலை நாடுகளுக்குக் குறைந்த விலையிலும் கிடைத்தன. பல நாடுகளில் மருத்துவ மாணவர்களுக்கு அது பேருதவியாக அமைந்தது.

ஆனால் 2011ஆம் ஆண்டு ஜனவரியில் வங்காளதேசத்து நூலகங்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. சில பதிப்பகங்கள் அந்த நாட்டுக்குக் கொடுத்துவந்த இதழ்களைத் திட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டன. ஆயிரக்கணக்கான இதழ்களின் கதவு ஒரே நாளில் சாத்தப்பட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்த பிறகு மீண்டும் திறந்தார்கள். தானமாக வந்தது, கொடுத்தவர் நினைத்தால் நின்றுபோகும் என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது.

வளர்ந்த நாட்டிலும் எல்லாருக்கும் வழி இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஷாரன் டெர்ரி என்ற தாயின் இரண்டு பிள்ளைகளுக்கும் தோலையும் கண்ணையும் இரத்தக் குழாய்களையும் பாதிக்கும் அரிய பரம்பரை நோய் இருப்பது தெரியவந்தது. அவரும் கணவரும் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படியெடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்தார்கள். நோயாளிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி இரத்த மாதிரிகளைத் திரட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த நோய்க்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டபோது, கண்டறிந்தவர்கள் வரிசையில் அந்தத் தாயின் பெயரும் இருந்தது. மக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியை மக்கள் படிக்க வேண்டும் என்று பிற்பாடு உரத்துக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் குரல்களுக்குப் பலன் கிடைத்தது. 2005இல் விருப்பத்தின் பேரில் தரலாம் என்றிருந்த விதி, 2007இன் இறுதியில் சட்டமாயிற்று. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், அமெரிக்கச் சுகாதார ஆய்வுக் கழகத்தின் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் அனைத்தும் வெளியான 12 மாதத்துக்குள் பப்மெட் சென்ட்ரலில் திறக்கப்பட வேண்டும் என்று ஆனது.

சுங்கை நிப்பாவிலிருந்து சிலிகுரி வரை

நோய்கள் எல்லை பார்ப்பதில்லை. இதை மலேசியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998இன் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி, நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக் காய்ச்சல், முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே கருதப்பட்டது. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், இது உலகம் அதுவரை அறியாத புதிய கிருமி என்று கண்டார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே கிருமிக்கும் ஆனது. மலேசியாவில் 105 உயிர்கள் போயின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்துத் தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

2001ஆம் ஆண்டு இந்தியாவின் சிலிகுரி நகரில் மூளைக் காய்ச்சல் ஒன்று மருத்துவமனை ஊழியர்களையும் சேர்த்துத் தாக்கியது. என்ன நோய் என்று அப்போது புலப்படவில்லை. சேமித்து வைத்த மாதிரிகளைப் பிறகு சோதித்தபோது நிப்பா என்று தெரிந்தது. அந்த ஆய்வு 2006ஆம் ஆண்டு, தொடக்கம் முதலே கட்டணம் வாங்காத ஓர் அமெரிக்க அரசாங்க ஆய்விதழில் வெளிவந்தது. நிப்பா மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடும், மருத்துவமனையே பரப்பும் இடமாகலாம் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா தலைகாட்டியபோது, அந்தக் கட்டுரை எந்த மருத்துவரும் காசு கட்டாமல் எடுத்துப் படிக்கக்கூடியதாக இருந்தது. லைபீரிய மருத்துவர்களுக்குக் கிட்டாத வசதி இது.

ஓர் ஆண்டில் நடந்த மாற்றம்

திறந்த வெளியீட்டின் பலனை உலகம் ஒட்டுமொத்தமாகக் கண்டது கோவிட்-19 காலத்தில்தான். 2020ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி, ஷங்ஹாயின் பேராசிரியர் சாங் யோங்சென் குழு கண்டறிந்த புதிய கிருமியின் மரபணு வரிசையை, சிட்னியின் எட்வர்டு ஹோம்ஸ் இணையத்தில் எல்லாருக்கும் போட்டார். தடுப்பூசி தயாரிக்கும் வேலை அந்த வரிசையை வைத்தே தொடங்கியது. ஜெர்மனிய ஆய்வாளர்கள் உருவாக்கிய பரிசோதனை முறை அதே மாதம் 23ஆம் தேதி ஓர் இலவச ஆய்விதழில் வெளியானது. சந்தா இதழ்களை நடத்தும் பெரிய பதிப்பகங்களும் கோவிட் கட்டுரைகளை மட்டும் திறந்துவிட்டன.

ஜூன் மாதம் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்திலிருந்து நல்ல செய்தி வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து, சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. விவரமான கட்டுரை ஜூன் 22ஆம் தேதி இணையத்தில் இலவசமாக வந்தது. ஆய்விதழில் வந்தது ஜூலை 17ஆம் தேதி. இடைப்பட்ட அந்த 25 நாளில் உலகின் எந்த மூலையில் இருந்த மருத்துவரும் அதைப் படித்துப் பின்பற்ற முடிந்தது.

திறந்திருந்ததால் தவறும் விரைவில் பிடிபட்டது. மே 22ஆம் தேதி 'லான்செட்' இதழில் வந்த ஒரு கட்டுரை, 96,000 நோயாளிகளின் தகவலை ஆராய்ந்து, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து மரணத்தைக் கூட்டுவதாகச் சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் மீதான சோதனையை நிறுத்தி வைத்தது. பல நாட்டு அறிஞர்கள் கட்டுரையைப் படித்து, கணக்கு உதைக்கிறதே என்றார்கள். பாங்காக்கில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஒருவர் முன்னின்று, நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்துடன் கேள்விகள் எழுப்பினார். மூலத் தகவலை நிறுவனம் காட்ட மறுத்தது. ஜூன் 4ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்து கோவிட் நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை என்று வேறு நம்பகமான சோதனைகள் பிறகு காட்டின என்பது வேறு விஷயம். கட்டுரை திறந்திருந்தால் மட்டும் போதாது, அதற்கு ஆதாரமான தகவலும் திறந்திருக்க வேண்டும் என்ற பாடம் அதில் கிடைத்தது.

யார் பணம் கட்டுவது?

எல்லாம் நன்மையே என்று முடித்துவிட்டால் அது நியாயமாகாது. படிப்பவர் பணம் கட்டாவிட்டால் வேறு யாராவது கட்ட வேண்டும். பல இதழ்களில் அந்தச் சுமை எழுதுபவர் தலையில் விழுந்தது. 2003இல் வார்மஸ் குழு தங்கள் இதழுக்குக் கேட்டது 1,500 டாலர். 2021இல் 'நேச்சர்' இதழ் திறந்த வெளியீட்டுக்கு நிர்ணயித்த கட்டணமோ 9,500 யூரோ. லைபீரிய மருத்துவர் இன்று படிக்கலாம். ஆனால் தாம் கண்டதை எழுத முடியுமா? ஏழை நாடுகளுக்குச் சில இதழ்கள் சலுகை தருகின்றன. நடுத்தர நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பல வேளைகளில் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள்.

எழுதுபவரிடம் பணம் வாங்கும் முறை போலி இதழ்களுக்கும் வழிவிட்டது. சோதனையே செய்யாமல், பணம் கட்டினால் எதையும் வெளியிடும் இதழ்கள் பெருகின. 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற விளம்பரங்கள் சிலவற்றின் பின்னால் இத்தகைய இதழ்கள் ஒளிந்திருக்கின்றன.

இதற்கு வேறு வழி இல்லையா? பிரேசில் ஒரு வழியைக் காட்டியது. 1997இல் முயற்சியாகத் தொடங்கிய 'சியேலோ' என்ற இணையத் திட்டம், பொதுப் பணத்தின் துணையோடு லத்தீன் அமெரிக்க ஆய்விதழ்களைப் படிப்பவர்களுக்கு இலவசமாக்கியது. சிக்குன்குன்யா, டெங்கி போன்ற நோய்களைப் பற்றி அந்தந்த நாட்டு மருத்துவர்களே தங்கள் மொழியில் எழுதவும் படிக்கவும் அது இடம் தந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போதே வெளியிடுவதற்கும் ஒதுக்கிவிட்டால், வாசலில் உண்டியல் வைக்கத் தேவையில்லை.

நம் வட்டாரத்திலும் நல்ல உதாரணங்கள் உண்டு. மலேசிய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழையும், 1960 முதல் வெளிவரும் சிங்கப்பூர் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழையும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். பப்மெட் சென்ட்ரலில் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து அமெரிக்க விதியில் அந்த 12 மாதக் காத்திருப்பும் நீக்கப்பட்டது. கட்டுரை வெளியாகும் அன்றே திறக்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ என்று தெரிந்தவுடன், கைத்தொலைபேசியில் உறவினர் அனுப்பும் செய்தியை நம்புவோர் நம்மிடையே ஏராளம். அந்தச் செய்தி உண்மையா என்று பார்க்க, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனையோ மகளையோ மூல ஆய்வைத் தேடச் சொல்லலாம். எந்த இதழ், எத்தனை பேரிடம் சோதித்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். கட்டுரையைப் படித்துவிட்டு மருந்தை நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் பெரியவர்கள். 1982இல் எழுதப்பட்ட அந்த லைபீரிய ஏடு உதவியிருக்கும். காய்ச்சலோடு வந்த முதல் நோயாளியைப் பார்த்த தாதி, ஒருவேளை கையுறை அணிந்திருப்பார். அதற்கு அவரோ அவருடைய மருத்துவரோ அதைப் படித்திருக்க வேண்டும்.